சுவருக்குள் போகும் ஒயர்: எதற்கு எதை வாங்குவது

தங்கையும் மச்சானும் பினாங்கில், பிறை என்ற ஊரில், ஒரு பழைய ஒற்றைமாடி தரை வீடு வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் உடைத்துப் புதுப்பிக்கிறார்கள். ஒயரிங் வேலைக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டிருந்தார்கள். ஒருவர் விலை மற்றவர் விலையைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மச்சான் இரண்டு தாளையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "எல்லாம் ஒயர்தானே மச்சான், ஏன் இவ்வளவு வித்தியாசம்?"

குறைந்த விலைத் தாளில் எண்ணிக்கை மட்டும் இருந்தது. விளக்கு இத்தனை, பிளக் இத்தனை, இன்டர்நெட் பாயிண்ட் இத்தனை. மற்ற தாளில் எந்தச் சர்க்கியூட்டுக்கு என்ன தடிமன் ஒயர், எந்த வகைக் கேபிள் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தது. விலை வித்தியாசம் ஒளிந்திருந்த இடம் அதுதான். பாயிண்டின் எண்ணிக்கை யார் கண்ணுக்கும் தெரியும். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

நான் ஒயர்மேன் வேலை பார்க்கத் தொடங்கி இருபத்தேழு வருடமாகிறது. அன்றிரவு இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாக எடுத்துப் பேசினோம். வீடு புதுப்பிக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்று அந்தப் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கரண்ட் ஒயர், அதிலும் தடிமன். நம் வீடுகளில் விளக்குக்கு 1.5, பதின்மூன்று ஆம்ப் பிளக்குக்கு 2.5, அதற்கு மேல் இழுக்கும் சாமான்களுக்கு 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் என்பது பொதுவான வழக்கம். இதில் அதிகம் ஏமாற்று நடக்கிற இடம் குளியலறை வாட்டர் ஹீட்டர். சுவரில் மாட்டும் சாதாரண இன்ஸ்டன்ட் ஹீட்டர் 3.6 கிலோவாட் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் ஏறத்தாழ 15.7 ஆம்ப். மச்சான் வீட்டில் டிபி பெட்டியிலிருந்து, அதாவது மெயின் சுவிட்ச் பெட்டியிலிருந்து, குளியலறைக்குப் பைப் வழியாக 18 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 36 மீட்டர் செம்பு.

1.5 ஒயரில் ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் தடை. அந்த 36 மீட்டரில் ஹீட்டர் ஓடும்போது 107 வாட் சூடாகவே வீணாகும். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை நீளமாக இழுத்துச் சுவருக்குள் வைத்துப் பூசிய மாதிரி. 2.5 ஒயரில் அதே இழப்பு 65 வாட், 4 ஒயரில் 41 வாட். அப்புறம் சுற்றுச் சூட்டையும் பார்க்க வேண்டும். சுவர் பைப்புக்குள் ஓடும் 1.5 பிவிசி ஒயருக்கு அட்டவணையில் 17.5 ஆம்ப் என்று இருக்கும். அது 30 டிகிரிக்குப் போட்ட கணக்கு. மத்தியான வெயிலில் ஓட்டுக்கூரைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே 40 டிகிரி சாதாரணம். 40 டிகிரியில் அந்த 17.5 ஏறத்தாழ 15.2 ஆகிவிடும். ஹீட்டர் கேட்பதோ 15.7. அதாவது 1.5 ஒயர் முதல் நாளிலிருந்தே தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கும்.

பல வருடங்களுக்கு முன் ஜெலுத்தோங் பக்கம் ஒரு வீட்டில் ஹீட்டர் சுவிட்சைத் திறந்து பார்த்தேன். வெளியே சுவிட்ச் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. உள்ளே சிவப்பு ஒயரின் தோல் சாக்லேட் நிறத்தில் இறுகி, விரலால் வளைத்ததும் முட்டை ஓடு போல உடைந்து விழுந்தது. 1.5 ஒயர். போட்டவர் இரண்டு சுருள் வாங்குவதற்குப் பதில் ஒரே சுருளில் வேலையை முடித்திருக்கிறார். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் தினமும் அந்த ஹீட்டரில்தான் குளித்தார்கள். அன்றிலிருந்து ஹீட்டருக்கு 4 ஒயர் தவிர வேறு போட நான் சம்மதிப்பதில்லை. 2.5 போடுகிறவர்களும் பலர். ஆனால் அந்த ஒரு சர்க்கியூட்டுக்கு ஆகும் கூடுதல் செலவு ஹீட்டர் விலையில் சின்னப் பங்குதான். நாளைக்கு இதைவிடப் பெரிய ஹீட்டர் மாட்டினாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை. ஹீட்டருக்கென்று 10 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச், தனியாக இருக்கிறதா என்றும் தாளில் பாருங்கள். குறைந்த விலைத் தாளில் அது இல்லை.

தடிமன் சரி, சொன்ன தடிமன்தான் உள்ளே வருகிறதா? 2.5 ஒயரின் தோலைச் சீவினால் உள்ளே ஏழு இழை இருக்கும், ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீட்டர். ஒரு இழையைப் பிரித்து நேராக்கி வெர்னியர் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை அளந்தபோது 0.60 காட்டியது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்குதானே என்று தோன்றும். ஏழு இழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது 2.5 இல்லை, 2க்கும் கீழே. மேலே தோலைக் கொஞ்சம் தடிமனாக விட்டிருந்ததால் கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதனால் கடையில் சுருளைத் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரையும் அளவும் தோலிலேயே அச்சாகி இருக்க வேண்டும். அதுவும் சந்தேகமாக இருந்தால் ஒரு அங்குலம் வெட்டி இழையை அளந்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று பேஸ் வீடுகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் நாம் வாங்கும் சாமான்களின் வளையும் ஒயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஒரே நீலம், சுவருக்குள் உயிரை எடுக்கும், அரிசிக் குக்கர் ஒயரில் நியூட்ரல். வீட்டில் தானாகவே பிளக் மாற்றுகிறவர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

பிவிசியா, எக்ஸ்எல்பிஇயா என்று மச்சான் கேட்டார். யாரோ எக்ஸ்எல்பிஇ நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். பிவிசி தோல் 70 டிகிரி வரை தாங்கும், எக்ஸ்எல்பிஇ 90 வரை. மெயின் கேபிளுக்கும், மண்ணுக்கடியில் ஆட்டோ கேட்டுக்குப் போகும் கவசக் கேபிளுக்கும் எக்ஸ்எல்பிஇ பொருத்தம். வீட்டுக்குள் பைப்பில் ஓடும் ஒயருக்கு நல்ல பிவிசியே போதும். சுவிட்சும் பிளக்கும் எப்படியும் 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டவை.

பழைய தோல் எப்படி இருக்கும் என்பதை நான் கையால் தொட்டிருக்கிறேன். வேலை பழகிய முதல் வருடத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டு ஒயரிங்கை உரித்தோம். கடை முன் நடைபாதையான அஞ்சடியிலிருந்து மேல்மாடி வரை ரப்பர் தோல் போட்ட ஒயர், மேலே பருத்தித் துணிச் சுற்று. ரப்பர் காய்ந்து, தொட்டால் கருப்புத் தூளாகக் கொட்டியது. உள்ளே செம்பு மட்டும் அப்படியே பளபளப்பாக இருந்தது. என் தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர். அந்த ரப்பரும் ஏதோ ஒரு தோட்டத்தில் நம்மவர் கையால் வந்ததாக இருக்கலாம் என்ற நினைப்பில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்னும் என் கருவிப் பெட்டியில் இருக்கிறது.

அடுத்து இன்டர்நெட் கேபிள். மச்சான் குழம்பியதெல்லாம் இங்கேதான். கடையில் கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, கேட் 7, கேட் 8 என்று ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கிறது. எண் கூடினால் நல்லது என்று யாருக்கும் தோன்றும்.

எல்லாவற்றிலும் உள்ளே நான்கு ஜோடி செம்புக் கம்பி. ஒவ்வொரு ஜோடியும் முறுக்கியிருக்கும், நான்கு ஜோடியின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கத்தில் இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறுவதால் மறுமுனையில் கழிந்துபோகும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கிய யுக்தி இது. எண் கூடக்கூட முறுக்கு நெருக்கமாகி, கேபிள் சுமக்கும் அலைவரிசையும் கூடுகிறது. கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ், கேட் 6 250, கேட் 6ஏ 500.

வீட்டுக்கு இது என்ன அர்த்தம்? கேட் 5இ 100 மீட்டர் வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகம் கொடுக்கும். 2016இல் வந்த தரத்தின்படி 2.5 கிகாபிட்டும் அதே கேபிளில் ஓடும். ஆகவே உங்கள் வீட்டில் ஏற்கனவே கேட் 5இ இருந்து நன்றாக ஓடினால் அதை உடைத்து மாற்ற வேண்டியதில்லை. புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. அது 55 மீட்டர் வரை 10 கிகாபிட் தாங்கும். மச்சான் வீட்டில் மிக நீளமான ஓட்டமே 25 மீட்டரைத் தாண்டாது. கேட் 6ஏ 100 மீட்டருக்கும் 10 கிகாபிட் கொடுக்கும், அது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத் தேவை. வீட்டில் அதன் தடிமனால் பைப் வளைவுகளில் இழுக்கவே சிரமம், சுவர்ப் பெட்டிக்குள் மடிக்கவும் இடம் போதாது. கேட் 8 முப்பது மீட்டருக்குத்தான், டேட்டா சென்டருக்கு உள்ளே ஓடுவதற்கென்று வந்தது. கடையில் தட்டையாக, பளபளவென்று தொங்கும் கேட் 8 ஒயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

எண்ணைவிட எனக்கு முக்கியம் உள்ளே இருப்பது செம்பா என்பது. அலுமினியக் கம்பிமேல் செம்பு முலாம் பூசிய கேபிள் சந்தையில் நிறைய ஓடுகிறது. பெட்டிமேல் கேட் 6 என்றுதான் போட்டிருக்கும், விலை வெகு குறைவு. தெரிந்தவர் மளிகைக் கடைக்கு நான்கு கேமரா மாட்டியபோது நானே இதில் மாட்டினேன். அவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பெட்டியை எடுத்து அவசரத்தில் இழுத்துவிட்டேன். பகலெல்லாம் நான்கு கேமராவும் நன்றாக ஓடின. சாயங்காலம் ஏழரைக்கு மேல் பின்பக்கக் கேமரா மட்டும் அணையும், திரும்ப வரும், திரும்ப அணையும். கேமராவை மாற்றினேன், கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினேன், அப்படியேதான். மூன்றாம் நாள் கேபிள் முனையை வெட்டி, கத்தியால் ஒரு கம்பியைச் சுரண்டினேன். செம்பு நிறம் உரிந்து வெள்ளையாக வந்தது.

நடந்தது இதுதான். அந்தக் கேமராவுக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது. இருட்டியதும் கேமராவின் இரவு விளக்கு எரியத் தொடங்கும், இழுக்கும் கரண்ட் கூடும். முலாம் பூசிய அலுமினியத்தின் தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். நீளமும் எழுபது மீட்டர். கேமராவுக்குப் போய்ச் சேரும் வோல்ட் போதாமல் அது அணைந்துவிடுகிறது. அணைந்ததும் சுமை குறைவதால் மறுபடி உயிர் வருகிறது. முழுக் கேபிளையும் உருவி மறுபடி இழுத்தேன், கூலி வாங்க மனம் வரவில்லை. கடைக்காரர் கேபிளில் மிச்சம் பிடித்தது இரண்டாம் பெட்டி வாங்கியதில் போய்விட்டது.

வாங்கும்போதே கண்டுபிடிக்க ஒரு வழி, எடை. 305 மீட்டர் கேட் 6 பெட்டியில் செம்பு மட்டுமே ஏறத்தாழ ஐந்தரை கிலோ இருக்க வேண்டும். முலாம் பூசிய அலுமினியமாக இருந்தால் அந்த இடத்தில் இரண்டரை கிலோகூட வராது. இரண்டு பெட்டியைப் பக்கத்தில் வைத்துத் தூக்கினால் மூன்று கிலோ வித்தியாசம் கைக்கே தெரியும்.

ஆனால் முலாம் பூசிய கம்பி எல்லா இடத்திலும் மோசம் என்று சொல்ல மாட்டேன். டிவிக்குப் போகும் ஆர்ஜி 6 கேபிளின் நடுக்கம்பி பல நேரம் செம்பு பூசிய எஃகுதான். காந்தம் வைத்தால் ஒட்டும். அது ஏமாற்று இல்லை. மிக உயர்ந்த அலைவரிசையில் கரண்ட் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும். 1 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. உள்ளே எஃகு இருந்தால் சிக்னலுக்கு என்ன? அதே கேபிளில் கூரைமேல் இருக்கும் சாட்டிலைட் தட்டுக்கு 13 அல்லது 18 வோல்ட் கரண்டும் ஏறுகிறது, அதற்கு மட்டும் நீளம் அதிகமானால் முழுச்செம்பு நடுக்கம்பி நல்லது. மச்சான் வீட்டு உயரத்துக்கு சாதாரண ஆர்ஜி 6 போதும். மெலிந்த ஆர்ஜி 59ஐ டிவிக்குப் போட விடாதீர்கள், இழப்பு கூடுதல். 2019 அக்டோபர் முடிவில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. அதற்கு முன் மங்கலாகவாவது படம் வரும். இப்போது சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றேவிடும்.

மச்சான் வீட்டுக் கேமராவுக்கும் கேட் 6தான் சொன்னேன், படமும் கரண்டும் ஒரே கேபிளில் போய்விடும். பழைய கேமரா ஒயர் சுவரில் நன்றாக இருக்கிற வீடுகளில் மட்டும், அதையே வைத்துக்கொண்டு கேமராவையும் ரெக்கார்டரையும் மாற்றுவது மலிவு. கவசம் போட்ட கேட் 6 வேண்டுமா என்ற கேள்விக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கவசத்தைச் சரியாக எர்த் செய்யாவிட்டால் அது இரைச்சலை வாங்கிக் கொடுக்கும் வேலையைச் செய்யும். அதைவிட, கரண்ட் பைப்பையும் டேட்டா பைப்பையும் தள்ளித் தள்ளிப் போட்டு, குறுக்கே வரும் இடத்தில் செங்கோணமாகத் தாண்ட வைத்தால் போதும். இரண்டையும் ஒரே பைப்பில் இழுப்பதை மட்டும் யார் செய்தாலும் நிறுத்துங்கள். ஒயர் தோல் எங்காவது உரிந்தால் 230 வோல்ட் உங்கள் பிள்ளையின் கணினிக்கு வந்துவிடும். எச்டிஎம்ஐ ஒயர் சில மீட்டர்தான், அதைப் பூசாதீர்கள், மாற்றக்கூடிய பைப்பில் விடுங்கள்.

கண்ணாடி இழை, அதாவது பைபர், வீட்டுக்குள் தேவையா? இன்டர்நெட் நிறுவனத்தார் வாசல் வரை கொண்டுவந்து தருவதே போதும். அவர்கள் ஒயரைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வெளி இடத்துக்கு ஓடும் நீள ஓட்டங்களில்தான் அதன் அருமை தெரியும். பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் வாசல் வளைவிலிருந்து அலுவலகத்துக்கு 140 மீட்டர். செம்புக் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், அதையும் மீறி இழுத்து வைத்திருந்தார்கள். கேமரா அடிக்கடி விட்டுவிட்டு வந்தது. பிறகு ஒரு நாள் மாலை இடியில் ரெக்கார்டரும் சுவிட்சும் சேர்ந்து போயின. இடி செம்பு வழியாக ஓடிவரும். கண்ணாடியில் ஓடுவது வெளிச்சம்தான், உள்ளே உலோகம் இல்லாத இழைக் கேபிளில் மின்சாரம் வர வழியே இல்லை. இழைக்கு மாற்றி, இரண்டு முனையிலும் வெளிச்சத்தை மின் சிக்னலாக்கும் கருவி வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது, அந்தக் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேபிள் என்றால் பினாங்குக்குப் பழைய உறவு. 1870-71இல் சென்னையிலிருந்து வங்கக்கடலுக்கு அடியில் தந்திக் கேபிள் ஒன்று இந்தத் தீவுக்கு வந்து, இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனது. அதன் செம்பைக் கடல்நீரிலிருந்து காத்தது கட்டா பெர்ச்சா, இந்த மலாய் மண்ணின் காட்டு மரத்துப் பால். இன்றைக்கும் பினாங்கையும் சென்னையையும் கடலடிக் கண்ணாடி இழை இணைக்கிறது. அம்மா சென்னை உறவுகளோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய கேபிள் நினைவுக்கு வரும்.

கடைசியில் மச்சான் கூடிய விலைத் தாளையே எடுத்தார், சில மாற்றங்களோடு. இன்டர்நெட்டுக்கு அந்த ஒயர்மேன் எழுதியிருந்த கேட் 6ஏயைக் கேட் 6 ஆக்கி, மிச்சமான பணத்தில் ஹீட்டர் சர்க்கியூட்டை 2.5லிருந்து 4க்கு ஏற்றினோம். வேலை முடிந்ததும் எரிசக்தி ஆணையத்தின் ஜி பாரமும் (வேலை முடிந்ததற்கான சான்று) எச் பாரமும் (சோதித்ததற்கான சான்று) கையெழுத்தாகி வர வேண்டும் என்று தாளிலேயே எழுதச் சொன்னோம். மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இப்போது அவருக்கு இல்லை. இருந்தாலும் டிபி பெட்டியிலிருந்து கார் நிறுத்தும் இடத்துக்கு 32 மில்லிமீட்டர் பைப் ஒன்று வெறுமனே போட்டோம். வீட்டுச் சார்ஜர் 32 ஆம்ப் கேட்கும், அதன் ஒயரை அன்றைக்குத் தேவையான தடிமனில் இழுத்துக்கொள்ளலாம்.

போன சனிக்கிழமை பூச்சுக்காரர் வருவதற்கு முன் நானும் மச்சானும் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா ஒட்டி வைத்துப் படம் எடுத்தோம், பைப் எந்த உயரத்தில் போகிறது என்று பின்னால் தெரிய வேண்டுமே. தங்கை வெறும் பைப்புக்குள் நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டாள். "இது எதுக்கும்மா?" என்று கேட்ட பையனிடம், "நீ கார் வாங்கும்போது இழுக்கிறதுக்குடா" என்றாள். அவனுக்கு வயது ஒன்பது.